மூட மறந்த ஆர்டர்

10 அக்டோபர் 2005
நாளை ஆயுத பூஜை. மெஷின்களைத் துடைத்து, ஷெட்டைப் பெருக்கி, கம்ப்யூட்டருக்கும் சந்தனம் வைத்தாயிற்று. பூஜையன்று எந்த வேலையும் பாதியில் கிடக்கக்கூடாது என்பது மேனேஜர் திருநாவுக்கரசின் பிடிவாதம். ஷெட்டில் பம்ப்புகள் அரைகுறையாக நிற்கின்றனவே?

"ஆர்டரையெல்லாம் சிஸ்டம்ல முடிஞ்சதுன்னு மூடிடும்மா. பூஜை முடிஞ்சி தொறந்துக்கலாம்."

மூடினேன். ஒரு ஆர்டரை மூடினால் அதற்கான உதிரிபாகங்களைச் சாஃப்ட்வேர் தானே ஸ்டாக்கில் கழித்துவிடும். திறந்தால் திரும்பச் சேர்த்துவிடும். நல்ல வேலைக்காரன், எதிர்க்கேள்வி கேட்காது.

13 அக்டோபர்
எல்லா ஆர்டரையும் திறந்துவிட்டேன். பம்ப் வேலை மறுபடி ஆரம்பம்.

27 அக்டோபர்
விடாத மழை. தண்டவாளத்தில் தண்ணீர். கூடுவாஞ்சேரியிலிருந்து செங்கல்பட்டுக்கு ரயில் இல்லை. வேலைக்குப் போக வழியில்லை, வீட்டில் பஜ்ஜி.

12 நவம்பர்
ஸ்டோரில் கையிருப்பைச் சரிபார்த்தார்கள். சிஸ்டம் இருப்பதாகக் காட்டும் வெண்கல இம்பெல்லர் — பம்ப்புக்குள் சுழலும் சக்கரம் — அலமாரியில் ஒன்றுகூட இல்லை. வெண்கலம் ஆயிற்றே, காயலான் கடையில் நல்ல விலை போகும். ஸ்டோர் சாவி சாலமோனிடம். சதுரங்கப்பட்டினத்துக்காரர். அடுத்த மாதம் வேலை நிரந்தரமாக வேண்டியவர்.

"நா இன்னாத்துக்கு சார் எடுக்கப்போறேன்? எல்லாம் பம்ப்புலதான் போச்சு" என்றார்.

சிஸ்டம் அப்படிச் சொல்லவில்லையே என்று சொன்னது நான். நானேதான். அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

14 நவம்பர்
கண்டுபிடித்துவிட்டேன். பூஜைக்குப் பிறகு திறந்தேனே, அதில் ஒரு ஆர்டர். நான் வராத மழை நாட்களில் பம்ப்புகள் முடிந்து லாரி ஏறிவிட்டன. சரக்கு அனுப்புவது இன்னும் சீட்டில்தான், சிஸ்டத்துக்கு ஒன்றும் தெரியாது. வந்த பிறகாவது நான் மூடியிருக்க வேண்டும். மறந்தேன். இம்பெல்லர்கள் பம்ப்போடு போய்விட்டன, சிஸ்டத்தில் மட்டும் அலமாரியில் இருக்கின்றன.

சத்தமில்லாமல் மூடினேன். கணக்கு நேராகிவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை. ஏன்? புனே பயிற்சிக்கு என் பெயர் போயிருக்கிறது. ச்சீ, இதற்காகவா?

17 நவம்பர்
"ஏதோ சிஸ்டம் கோளாறு சார், சரியாயிடுச்சு" என்று மேனேஜரிடம் சொன்னேன். சாலமோனைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார்கள். முடிந்தது. முடிந்ததுதானே?

2 டிசம்பர்
நிரந்தரமானவர்களில் சாலமோன் இல்லை. இன்று என் மேஜைக்கு வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"மேடம், காணாத சரக்க கம்ப்யூட்டர்ல கழிச்சிட்டு என்ன மன்னிச்சு வுட்டாங்கன்னு பேசிகினு கீறாங்க. வூட்ல எம் பொஞ்சாதி பொன்னிகூட ஒரு மாதிரி பாக்குறா. நா எடுக்கவே இல்லயே மேடம். இன்னாத்துக்கு மன்னிப்பு?"

நான் தண்ணீர் குடித்தேன். அவ்வளவுதான் செய்தேன். பாவி.

3 டிசம்பர்
மேனேஜரிடம் உண்மையைச் சொன்னேன். எழுந்து கதவைச் சாத்தினார். "மூடச் சொன்னது நான். மேல தெரிஞ்சா ரெண்டு பேருக்கும் பேஜாரு. நீ புனே போயிட்டு வா. அடுத்த வருஷம் அவனைப் பாத்துக்கலாம்."

அடுத்த வருஷமாம்! அதுவரை அந்த மனுஷன் திருடனாகவே நடமாடணுமா? தலையாட்டிவிட்டு வந்தேன் — இந்தத் தலையை எங்கே கொண்டுபோய் முட்டிக்கொள்வது?

5 டிசம்பர்
டீ நேரத்தில், ஷெட்டில், எல்லார் முன்னாலும் சொன்னேன். "சாலமோன் எதையும் எடுக்கல. ஆர்டரை மூட மறந்தது நான். தெரிஞ்சும் வாயை மூடிகிட்டு இருந்ததும் நான்."

சாலமோன் டம்ளரைக் கீழே வைத்தார்.

"அன்னிலேர்ந்து சர்ச்சுல கடைசி பெஞ்சுல குந்திகினு கீறேன், மேடம்."

எழுந்து போனார்.

30 செப்டம்பர் 2006
நாளை ஞாயிறு என்பதால் பூஜை இன்றே. சிஸ்டத்தில் ஆர்டர்கள் திறந்தே கிடக்கின்றன. என் இடத்துக்கு வந்த ஹரிப்ரியா மூட மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். புனேவுக்கும் அவள்தான் போய்வந்தாள்.

சாலமோன் பொங்கலுக்கு முன்பே நிரந்தரமானார். என்னை ஸ்டோரில் அவருக்குக் கீழே போட்டிருக்கிறார்கள். மரியாதையாகத்தான் பேசுகிறார், வேலைக்கு வேண்டிய அளவு.

இன்று வெண்கல இம்பெல்லர் பெட்டி வந்தது. எண்ணி, அலமாரியில் அடுக்கி, எத்தனை என்று சொன்னேன். "சரி மேடம்" என்றார். பிறகு எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கீழே இறக்கி, முதலிலிருந்து எண்ணத் தொடங்கினார்.

நான் கீழே சாக்கை விரித்துக் கொடுத்தேன்.