தாசில்தாருக்குத் துணையிருப்பவர்

நிலவு, வடமுனைப் பயிர் நிலையம், மருத்துவ அறை.
எழுதுபவர்: ஹெப்சிபா, பயிர்ப் பொறியாளர்.

அறுவைக்குப் பின் நாள் 1. 09:40
அறுவை முடிந்தது. கினிப்பன்றி, ஆண், 940 கிராம், பெயர் தாசில்தார். சிறுநீர்ப்பையில் இருந்த கல் வெளியே வந்துவிட்டது, மிளகளவு. தையல் ஐந்து. நாடித்துடிப்பு 262. இந்த இனத்துக்கு அது சாதாரணம். நிலையத்தை மூடுகிறார்கள், மிச்சமிருப்பது நான் மட்டும்தான். பூமியோடு பேசும் அலைவாங்கியைக் கழற்றியாகிவிட்டது, கணினிப் பதிவும் நின்றுவிட்டது. அதனால் காகிதத்தில் எழுதுகிறேன். யார் கையில் கிடைத்தாலும் படித்துக்கொள்ளுங்கள்.

ஒரு திருட்டுத்தனத்தையும் எழுதிவிடுகிறேன். அறுவை இயந்திரம் மனிதர்களை மட்டும்தான் தொடும். ஆகவே தாசில்தாரை நிலையப் பணியாளராகப் பதிவு செய்தேன். வயது 31, எடை குறைவு, பேச இயலாதவர். ஊரிலேயே இல்லாத மாமாவை ரேஷன் கார்டில் சேர்த்த குடும்பம் எங்களுடையது. இதெல்லாம் பெரிய வேலையில்லை.

நாள் 1. 15:10
சாப்பிடவில்லை. குடல் ஓட்டம் நின்றால் இரண்டு நாளில் உயிர் போய்விடும். புல்மாவைக் கரைத்து, ஊசி இல்லாத சிரிஞ்சில் வாயோரமாகப் புகட்டினேன். பாதி என் சட்டையில். புழுக்கை: பூச்சியம்.

நாள் 2. 07:00
புழுக்கை மூன்று. தாசில்தாரிடம் கோப்பு நகரத் தொடங்கிவிட்டது. சந்தோஷத்தில் தேநீர் போட எழுந்தேன். கதவு திறக்கவில்லை.

நாள் 2. 07:50
சுவர்த்திரையில் விதிகளைப் படித்தேன். நோயாளியின் துடிப்பு நூற்றுக்குக் கீழே வரும்வரை நிலைமை கவலைக்கிடம். துணையிருப்பவர் வெளியேறக் கூடாது. நோயாளி இறந்தால் அறை பிணவறையாக மாறும். வெப்பம் நான்கு டிகிரி, விசாரணை அதிகாரி வரும்வரை பூட்டு. துணையிருப்பவர் வெளியேற வேண்டுமென்றால் மாற்றாள் உள்ளே வர வேண்டும். அவருக்குக் கதவு வெளியிலிருந்து திறக்கும்.

நம் ஊர் அரசு ஆஸ்பத்திரியேதான். ஒருவர் உள்ளே வந்தால் ஒருவர் வெளியே போகலாம். தாசில்தாரின் துடிப்பு நூற்றுக்கு இறங்கினால் அவர் செத்துக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். உணரியோ தோலுக்கடியில் இருக்கிறது, ஏமாற்ற வழியில்லை.

நாள் 3. 11:20
புழுக்கை பதினொன்று. இங்கே ஒரு ஆளுக்கு நாற்பது நாள் உணவு இருக்கிறது. நாளை என்னை ஏற்றிப்போக பூமியிலிருந்து ஓடம் வருகிறது. அதை விட்டால் அடுத்தது எழுபது நாள் கழித்து. கணக்கு எப்படிப் போட்டாலும் முப்பது நாள் உதைக்கிறது. இரண்டு முறை கதவை ஓங்கிக் குத்தினேன். தாசில்தார் பயந்து மூலைக்குப் போனார். மன்னிப்புக் கேட்டேன்.

நாள் 4. 10:05
ஓடத்திலிருந்து: “அக்கா, எறங்கிட்டேன். ஆறு மணி நேரந்தான் நிக்க முடியும், அதுக்கப்புறம் வண்டி தானா கெளம்பிரும். அந்தச் சவத்து எலிய ஒரு டப்பாவுல போட்டு எடுத்துட்டு வாங்க.”

அருள்ராயன். எங்கள் தூத்துக்குடிக்காரன். மகளுக்கு நான்கு வயது. கதவு திறக்கவில்லை என்று மட்டும் சொன்னேன். மீதியையும் சொல்லத்தான் போகிறேன். சொல்லாமல் எப்படி.

நாள் 4. 13:30
சாமான்களை ஏற்றி முடித்துவிட்டான். கதவுக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்கிறான். “என்னக்கா, இங்க பச்ச வெளக்கு எரியுதே. ஒரு தள்ளு தள்ளுனா தெறந்துரும் போல.” என் பக்கம் சிவப்பு.

சொல்ல வாயைத் திறந்தேன். தாசில்தார் வீக், வீக் என்று கத்தினார். அறுவைக்குப் பின் முதல் முறை. பசி வந்துவிட்டது. குணமாகிறார். இனி அந்தத் துடிப்பு குறையவே குறையாது. எனக்குப் பயமாக இருக்கிறது. நான் நல்லவள் என்றுதான் இத்தனை வருடம் நினைத்திருந்தேன்.

நாள் 4. 13:41
மூன்று மணி நேரத்துக்கொரு முறை பத்து மில்லி புல்மாக் கரைசல். காலையில் வைட்டமின் சி சொட்டு. தையலை நக்க விடாதே. புழுக்கையை எண்ணு, நின்றால் வயிற்றை மெல்லத் தடவு. மாவும் வைக்கோலும் கட்டிலுக்கடியில். அவரைச் சாக விடாதே அருள். மன்னித்து

நாள் 4. 17:00
நான் அருள்ராயன். கதவைத் தள்ளி உள்ளே வந்தேன். அக்கா என்னைத் தாண்டி ஓடினாள். கதவு சாத்திக்கொண்டது. ரேடியோவில் கத்தினேன். பதினாறு ஐந்துக்குத் தரை அதிர்ந்தது. ஓடம் போய்விட்டது. அதன் பிறகுதான் இந்த நோட்டைப் படித்தேன்.

நாள் 5. 06:00
இதன் கழுத்தைத் திருகத்தான் எழுந்தேன். நான்கு டிகிரி ஞாபகம் வந்தது. பத்து மில்லி குடித்தது.

நாள் 9. 12:00
ஒரு தாளில் பெரிதாக எழுதிக் கண்ணாடியில் வெளியே தெரியும்படி ஒட்டிவிட்டேன். உள்ளே வராதீர்கள். பச்சை விளக்கை நம்பாதீர்கள். நானே கூப்பிட்டாலும் வராதீர்கள்.

என்னை மாதிரி இன்னொருத்தன் மாட்டக் கூடாது.

நாள் 58. 10:30
அரை வயிற்றுக்குத் தின்றும் என் உணவு தீர்ந்து நான்கு நாள். புல்மாவில் கஞ்சி காய்ச்சி ஆளுக்குப் பாதி. தாசில்தார் 1,060 கிராம். என் எடையைப் பார்க்கவில்லை. என் மடியில்தான் தூங்குகிறார். மகளுக்குக் காட்ட ஆசை.

நாள் 74. 08:15
ஓடத்திலிருந்து, ஒரு பெண் குரல்: “விதப் பெட்டி எடுக்க வந்திருக்கேன். நான் ஒரு ஆள்தான். காலி ஸ்டேஷன்னு சொல்லித்தான் அனுப்பினாங்க. உள்ள யாராச்சும் இருக்கீங்களா?”

அக்கா யாரிடமும் சொல்லவில்லை.

நாள் 74. 09:02
நோயாளி நலம். துடிப்பு 255. காலையிலிருந்து புழுக்கை இருபத்தாறு. தழும்பை முடி மூடிவிட்டது.

கண்ணாடியில் இருந்த தாளைக் கிழித்துவிட்டேன்.