கீழே மிதிக்கும் கால்

என் செல்ல மகளுக்கு,

நீ ஆசைப்பட்ட பெரிய பைக்கை நானே கடைக்குப் போய் ஓட்டிப் பார்த்தேன். குறை கண்டுபிடித்து உன் மனதைக் கலைக்கத்தான் போனேன். ஏறி உட்கார்ந்ததும் எனக்கே மீசை முறுக்கிக்கொண்டது.

"பாத்துங்க ஐயா, முதல் கியர்தான் கீழ. மத்ததெல்லாம் மேல," என்றார் கடைக்காரர்.

"எனக்கேவா?" என்று கிளம்பினேன்.

மேம்பாலத்தில் ஒரு லாரி பின்னால் நெருங்கியது. வேகம் கூட்ட நினைத்தேன். நம் பழைய வண்டியில் எல்லா கியரும் கீழே மிதிப்பதுதானே? கால் பழக்கத்தில் கீழே மிதித்தது; கியர் கூடுவதற்குப் பதில் குறைந்துவிட்டது. பின்சக்கரம் இறுகி, ஓரமாகப் போய் விழுந்தேன். லாரி உரசாமல் விலகியது.

"யோவ் பெருசு, வீட்ல சொல்லிட்டு வந்தியா?" என்று கத்திவிட்டுப் போனார் லாரிக்காரர்.

கால் வீக்கத்துக்கு அம்மாவிடம் குளியலறை மேல் பழி போட்டேன். பாவம், வழுக்குகிறதென்று அந்தத் தரையைத் தேய்த்துக்கொண்டே இருக்கிறாள்.

பழைய வண்டி மேட்டில் திணறுவதும், பின்னால் வருகிறவர்கள் உன்னை விரட்டுவதும் எனக்குத் தெரியும். மாற்றிக்கொள். ஆனால் உனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவன் நான். உன் காலும் கீழேதான் மிதிக்கும். தனியாகப் போய் எடுத்துவிடாதே, வீட்டுக்கு வா. மைதானத்தில் உன் கால் புதுசுக்குப் பழகும்வரை பின்னால் உட்கார்ந்திருப்பேன். நீ எவ்வளவு திட்டினாலும் இறங்க மாட்டேன்.

நொண்டிக்கொண்டிருக்கும்,
அப்பா