தட்டிக்கு அந்தப் பக்கம்

டீச்சர்,

எதிர் ஃபிளாட்டில் தச்சு வேலை நடக்கிறது. காலையிலிருந்து பிளைவுட் அறுக்கிறார்கள். கதவைச் சாத்தி, ஜன்னலைச் சாத்தி, கதவுக்கு அடியில் பழைய துண்டையும் சொருகிப் பார்த்துவிட்டேன். வாசனை உள்ளே வந்துகொண்டேதான் இருக்கிறது. மற்றவர்களுக்கு அது மரத்தூள் வாசனை. எனக்கு அது தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த நம் டுட்டோரியல் காலேஜின் வாசனை. மழையில் ஊறிப் புடைத்து, வெயிலில் காய்ந்து வளைந்து, உங்கள் வகுப்பையும் என் வகுப்பையும் பிரித்து நின்ற பிளைவுட் தட்டியின் வாசனை. கையில் எடுத்த ஒரு வேலையும் ஓடவில்லை. சரி, உங்களோடு பேசலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

இத்தனை வருஷம் பழகியும் நான் உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நீங்களும் என்னை அப்படித்தான். இந்த ஊரில் டீச்சருக்கு டீச்சர் டீச்சர்தான். நீங்கள் வலியசாலை அக்ரகாரம், நான் பாறசாலைப் பக்கத்துச் சர்ச்சுக்காரக் குடும்பம். காலேஜில் மற்ற எல்லாரோடும் மலையாளம். மத்தியானம் டிஃபன் பாக்ஸைத் திறக்கும்போது மட்டும் நமக்குள் தமிழ். உங்கள் தமிழைக் கேட்டு நான் சிரிப்பேன், என் தமிழைக் கேட்டு நீங்கள் சிரிப்பீர்கள். இப்போது என் தமிழைக் கேட்டுச் சிரிக்க ஆளில்லை. கேட்கவே ஆளில்லை என்பதுதான் உண்மை.

ஒரு பெரிய ஹாலை இரண்டு வகுப்பாக்க, காலேஜுக்கு முதலாளியுமான பிரின்சிபால் நிறுத்திய தட்டி அது. மேலே கூரைவரை போகாது. நீங்கள் இருமினால் என் பிள்ளைகள் திரும்பிப் பார்ப்பார்கள். நான் யாரையாவது திட்டினால் உங்கள் பிள்ளைகள் பேச்சை நிறுத்துவார்கள். இரண்டு பக்கமும் பிளஸ் டூ இங்கிலீஷ், இரண்டு பக்கமும் ஒரே பாடம். ஆரம்பத்தில் எனக்கு அது பெரிய தொல்லையாக இருந்தது. உங்கள் 'ரன்' வகுப்பைக் கேட்ட அன்றுதான் தொல்லை போனது.

"குழாய்க்குக் கால் உண்டா?" என்று அந்தப் பக்கம் கேட்டீர்கள். மலையாளத்தில்தான் கேட்டீர்கள், எனக்கு இப்போது எல்லாம் தமிழாகவே ஞாபகம் வருகிறது. பிள்ளைகள் இல்லை என்றார்கள். "ஆனா இங்கிலீஷ்ல ஓடறது பாருங்கோ. தி டேப் இஸ் ரன்னிங். தண்ணி கொட்டறதுக்கும் அதே ரன்தான்."

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. தட்டிக்கு இந்தப் பக்கத்திலிருந்து, "மூக்குக்குக் கால் உண்டா டீச்சர்?" என்று குரல் கொடுத்தேன். ஜலதோஷம் பிடித்தால் மூக்கும் இங்கிலீஷில் ஓடத்தானே செய்கிறது. இரண்டு வகுப்பும் சேர்ந்து சிரித்தது. அன்றிலிருந்து அது நமக்கு வழக்கமாகிவிட்டது. உங்களுக்கு ஓர் உதாரணம் குறைந்தால் நான் கொடுப்பேன், எனக்குக் குறைந்தால் நீங்கள். புடவைச் சாயம் போவதும் ரன்தான், அது நீங்கள் கொடுத்தது. தேர்தல் நான் கொடுத்தது. அமெரிக்காவில் வேட்பாளர் ஓடுகிறார், நம்மூரில் நிற்கிறார் என்று சொன்னபோது, "நின்னுண்டே ஜெயிக்கறான், கெட்டிக்காரன்!" என்று அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது.

சாப்பிடும்போது ஒருநாள் சொன்னீர்கள்: "இந்த ரன் இருக்கே டீச்சர், கூப்பிட்டவா ஆத்துக்கெல்லாம் போய் வேலை செஞ்சுட்டு வரது. கடையை நடத்தணுமா, காய்ச்சல் வரணுமா, கிரிக்கெட்டுல கணக்கு ஏறணுமா, எல்லாத்துக்கும் ஓடி வரது. ரன், ரான், ரன்னுன்னு கடைசியில பொறந்தாத்துக்கே திரும்பியும் வந்துடறது." சொல்லிவிட்டு டிஃபன் பாக்ஸை மூடினீர்கள். கணவர் போன பிறகு அண்ணன் வீட்டுக்கே திரும்பி வந்தவர் நீங்கள் என்பது எனக்கு அப்புறம்தான் தெரியும்.

பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பொன்முடிக்குப் போனோமே, அன்றைக்குக் கல்லாற்றில் இறங்கி நின்றுகொண்டு, புடவையை ஒரு கையில் தூக்கிப் பிடித்தபடி பாடினீர்கள். உங்கள் குடும்பமே பாட்டுக்காரக் குடும்பம். பாடி முடித்துவிட்டு மேலே போகிற ரோட்டைக் காட்டி, "ஆறு ஓடறது, சரி. போட்டது போட்டபடி கிடக்கற ரோட்டையும் ஆத்தோட சேர்ந்து ஓடறதுங்கறானே, என்ன அக்கிரமம்!" என்றீர்கள். அந்தக் குரலை ஒரு போனிலாவது பதிவு செய்து வைத்திருக்கலாம். யாருக்குத் தோன்றியது?

பிறகு தொண்டையில் கட்டி என்றார்கள். ஆபரேஷன் முடிந்து நீங்கள் திரும்பி வந்தபோது வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. காதுக்குப் பக்கத்தில் வந்தால் கேட்கும், ஒரு கை தள்ளிப் போனால் கேட்காது. "சரியாயிடும்னு டாக்டர் சொல்லியிருக்கார்" என்று பிரின்சிபாலிடம் எழுதிக் காட்டிவிட்டு நேரே வகுப்புக்குள் போனீர்கள். வகுப்பு போனால் உங்களுக்கு அண்ணன் வீட்டு மாடியறையைத் தவிர வேறு போக்கிடம் இல்லை என்று எனக்குத் தெரியும். ஒரு குரலை வைத்துப் பிழைக்கிற தொழிலில் குரல் இல்லாமல் என்ன செய்யப் போகிறீர்கள் என்று இந்தப் பக்கம் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.

அந்தப் பக்கம் பிள்ளைகளின் சத்தம் ஏறிக்கொண்டே போனது. பிறகு தட்டியில் டொக் டொக் என்று ஒரு தட்டல். அவ்வளவுதான். நாம் பேசி வைத்துக்கொண்டது ஒன்றுமில்லை. நான் என் குரலைத் தூக்கினேன். ஒரு வாக்கியம் சொன்னேன். அந்தப் பக்கம் கரும்பலகையில் சாக்பீஸ் கீறும் சத்தம் கேட்டது. நீங்கள் எழுதிக்கொண்டிருந்தீர்கள். முடிந்ததும் முற்றுப்புள்ளியை அழுத்தி ஒரு குத்து. அதைக் கேட்ட பிறகு அடுத்த வாக்கியம் சொன்னேன்.

அப்படியே நாள்கள் போயின. நான் சொல்ல, நீங்கள் எழுதினீர்கள், படம் வரைந்தீர்கள், நடித்துக் காட்டினீர்கள். உங்கள் வகுப்பில் யாருக்காவது சந்தேகம் வந்தால், "அப்புறத்தெ டீச்சரே!" என்று தட்டிக்கு மேலாகக் கூப்பிட்டு என்னிடம் கேட்பார்கள். அந்தப் பக்கத்து டீச்சர், எனக்கு அதுவே பெயராகிவிட்டது. அந்தப் பிள்ளைகளில் ஒருவர்கூட வெளியே மூச்சு விடவில்லை. உங்களை அவர்களுக்கு அவ்வளவு பிடிக்கும். ஒருநாள் மறுபடியும் 'ரன்' பாடம் வந்தது. பேச்சுவாக்கில், "மியூசிக் ரன்ஸ் இன் தி ஃபேமிலி. பாட்டு அவங்க குடும்பத்துலயே ஓடுது" என்று உதாரணம் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அந்தப் பக்கம் சாக்பீஸ் சத்தமே இல்லை. காத்திருந்தேன். என் பிள்ளைகள் என் முகத்தையே பார்த்தார்கள். வெகு நேரம் கழித்து மெதுவாக எழுத ஆரம்பித்தீர்கள். முற்றுப்புள்ளியும் வந்தது.

பிரின்சிபால் ஒருநாள் வராந்தாத் தூணில் சாய்ந்து நின்றதைப் பார்த்தேன். அந்த இடத்தில் நின்றால் இரண்டு வகுப்பும் தெரியும். இன்றோடு தீர்ந்தது என்று நினைத்தேன். ஆனால் அவர் திட்டவில்லை. வகுப்பு முடிந்து வெளியே வந்தபோது சிரித்துக்கொண்டே, "கொள்ளாம் டீச்சரே, நல்ல ஏற்பாடாணல்லோ" என்றார். ஏற்பாடு நன்றாக இருக்கிறதாம்! தலையில் தூக்கி வைத்த கல்லை இறக்கினாற்போல் இருந்தது. உங்களிடம் ஓடிவந்து சொன்னேன்.

"சாருக்குத் தெரிஞ்சுபோச்சு டீச்சர். ஆனா ஒண்ணும் சொல்லல்ல கேட்டீங்களா! சிரிச்சிட்டுப் போறார்."

என் காதருகே வந்து, "நிஜமாவா? நிஜமாவா?" என்று இரண்டு தடவை கேட்டீர்கள். அன்று சாயந்தரம் தம்பானூரில் இருவரும் பழம்பொரி சாப்பிட்டு டீ குடித்தோம். எண்ணெய் ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். இன்றைக்கு மட்டும் என்று சைகை காட்டினீர்கள். நம் இரண்டு பேருக்கும் ஆங்கிலத்தில் ஒரு சொல்லுக்கு எத்தனை அர்த்தம் என்று தெரியும். ஒரு முதலாளியின் சிரிப்புக்கு என்ன அர்த்தம் என்று தெரியவில்லை.

திங்கட்கிழமை வந்தபோது இரண்டு தச்சர்கள் தட்டியைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு குரல் இரண்டு வகுப்புக்கும் எட்டுகிறது என்று நாம்தான் தினமும் அவருக்குக் காட்டிக்கொண்டிருந்தோமே. எட்டினால் பிறகு தட்டி எதற்கு, இரண்டாவது டீச்சர் எதற்கு? "இனி ஒரு டீச்சர் மதி" என்றார் பிரின்சிபால். மதி என்றால் போதும். உங்களுக்கு அந்த மாதத்தோடு முடிந்தது. அவரைப் பெரிய பாவி என்றெல்லாம் சொல்ல மாட்டேன், ஆனால் அந்தச் சிரிப்பை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

"நானும் வேண்டாம்னு சொல்லிட்டு வந்துரட்டா டீச்சர்?" என்று கேட்டேன். கோபத்தில் கேட்கவில்லை, மனதாரத்தான் கேட்டேன். நீங்கள் கூடாது என்று தலையை ஆட்டினீர்கள். "அசட்டுத்தனம் பண்ணாதீங்கோ. என் கிளாஸ்காராளையும் யார் பாத்துக்கறது?" என்று காதில் சொல்லிவிட்டு, கைப்பையை எடுத்துக்கொண்டு ஆட்டோவுக்கு நடந்தீர்கள்.

தட்டி போன இடத்தில் தரையில் ஒரு கோடு விழுந்திருந்தது. உங்கள் பிள்ளைகள் கோட்டுக்கு அந்தப் பக்கமே உட்கார்ந்தார்கள். நான் சொன்னாலும் தள்ளி உட்காரவில்லை. நானும் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை.

சனிக்கிழமைகளில் வலியசாலைக்கு வருவேன். அண்ணன் மனைவி, உங்கள் மன்னி, காப்பி கொடுத்துவிட்டுக் கீழே போய்விடுவார். மாடியறையில் உங்கள் நாற்காலிக்கு நெருக்கமாக என் நாற்காலியைப் போட்டுக்கொள்வேன். அப்போதும் நீங்கள் அந்தச் சொல்லை விடவில்லை. "இன் தி லாங் ரன்னுங்கறானே, கடைசியில பாத்தா, அதான் அர்த்தம். இதுல எவன் ஓடறான், சொல்லுங்கோ" என்று கேட்டுவிட்டுச் சத்தமில்லாமல் சிரிப்பீர்கள். தோள் மட்டும் குலுங்கும். வியாதி திரும்பி வந்திருந்தது. இருவருக்கும் தெரியும், இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

கடைசியாகப் பார்த்த சனிக்கிழமை, "என் கிளாஸ்காராள்லாம் எப்படி இருக்கா?" என்று கேட்டீர்கள்.

"நல்லா இருக்காங்க. எழுதத்தான் மடி, சோம்பல். நான் வேகமா சொல்லுதேனாம்."

என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டீர்கள். "சித்த நிறுத்தி நிறுத்திச் சொல்லுங்கோ. எனக்கு நிறுத்தினேளே, அந்த மாதிரி."

ஒரு காலை உங்கள் அண்ணன் போன் செய்தார். நான் வந்தபோது வீடு நிறைய ஆள்கள். ஒருவரும் எனக்குத் தெரிந்தவர் இல்லை. இவர் யார் என்று யாரோ கேட்டதற்கு மன்னி, "கூட வேலை பாத்தவா" என்றார். அது போதாது என்று எனக்குத் தோன்றியது. வேறு என்ன சொல்லியிருக்கலாம் என்றும் தெரியவில்லை. யாரோடும் சேர்ந்து அழ முடியாமல் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு தெருமுனைவரை நடந்து, அங்கே நின்று அழுதேன்.

காலேஜும் இப்போது இல்லை. நான் வீட்டிலிருந்து ஒரு கம்பெனிக்கு ஆன்லைன் வகுப்பு எடுக்கிறேன். பிள்ளைகள் கேமராவை அணைத்துவிட்டு உட்காருவார்கள். கட்டம் கட்டமாகப் பெயர்கள் மட்டும் தெரியும். அவர்கள் இருக்கிறார்களா, எழுந்து போய்விட்டார்களா, ஒன்றும் தெரியாது. வகுப்பு முடிந்து மடிக்கணினியை மூடினால் வீட்டில் ஃபேன் சத்தம்தான். சில நாள் அடுத்த வகுப்புவரை நான் யாரிடமும் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டேன்.

போன வாரம் கம்பெனியிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். "மேடம், நீங்க ஒவ்வொரு சென்டன்ஸுக்கும் நடுவுல ரொம்ப கேப் விடறீங்க. பிள்ளைங்க கட் பண்ணிட்டுப் போயிடறாங்க. அதைக் கொஞ்சம் சரி பண்ணலைன்னா அடுத்த பேட்ச் தர்றது கஷ்டம்" என்றாள். நல்ல பெண்தான், மரியாதையாகத்தான் சொன்னாள். முயன்று பார்த்தேன் டீச்சர். மூச்சு விடாமல் பேசிப் பார்த்தேன். இரண்டு வாக்கியம் தாண்டவில்லை, வாய் தானாக நின்றுவிட்டது.

நேற்று 'ரன்' பாடம். ரோடு ஆற்றோடு ஓடுகிற உங்கள் வாக்கியத்தைச் சொன்னேன். நிறுத்தினேன். ஒரு கட்டத்திலிருந்து ஒரு பையன், "டீச்சரே, நெட் போயோ?" என்றான்.

"போகல்ல மக்களே, இங்கதான் இருக்கேன். எழுதுங்க" என்றேன்.

அந்தப் பெண் நாளைக்குக் கூப்பிடுவாள். பதில் கேட்பாள். இந்த வகுப்பும் போனால் எனக்கும் போக்கிடம் இல்லை, அது தெரிந்துதான் சொல்லப் போகிறேன்: பக்கத்து அறையில் ஒரு டீச்சர் எழுதிக்கொண்டிருக்கிறார் அம்மா, அவர் முடிக்கும்வரை என்னால் அடுத்த வாக்கியத்துக்குப் போக முடியாது.