தோற்றவர்கள் வந்த வாசல்

கெர்வென் கோட்டை,
உயிர்ப்புத் திருநாள் கழிந்த புதன்

பாலம் காக்கும் மாவீரர் மோர்வானுக்கு, கோட்டை காக்கும் மனைவி ஏனோரா எழுதுவது.

நீங்கள் வென்று என் காலடிக்கு அனுப்பிய மூன்றாவது வீரரும் வந்து சேர்ந்தார். பெயர் கோரன்டின். வயது அறுபத்தெட்டு, ஒரு கண் தெரியாது. "மக கல்யாணத்துக்குப் போறேன், வழிய விடுப்பான்னு கெஞ்சினேன்மா. ஈட்டிய எடுன்னுட்டாரு" என்றார். ஆகா, என்ன வீரம்! முதலில் வந்தவருக்குக் காய்ச்சல். இரண்டாமவர் பெரிக், ஒரு கால் நொண்டி. தேடித்தான் பிடிக்கிறீர்கள் போலிருக்கிறது.

பக்கத்துப் பிரபு யூதோன் நம் மாவு அரைக்கும் ஆலையைக் கொளுத்திவிட்டான். ஜூன் கடைசியில் வரும் அருளப்பர் திருநாளுக்குள் கோட்டைச் சாவியைக் கொடுக்காவிட்டால் உள்ளே ஒருவரையும் உயிரோடு விடமாட்டானாம். ஐந்து நாள் பயணம்தான். வாருங்கள்.

ஏனோரா

கல்பாலம்,
மே முதல் வெள்ளி

அன்பே ஏனோரா,

கலங்கிப்போனேன். ஆனால் ஓராண்டும் ஒரு நாளும் பாலம் கடப்பவரோடெல்லாம் மோதுவேன், இங்கிருந்து நகர மாட்டேன் என்று புனிதரின் எலும்பைத் தொட்டுச் சத்தியம் செய்திருக்கிறேனே! வந்தால் என் மானம் என்னாவது? ஊர் ஊராக என்னைப் பாடுகிறார்கள், தெரியுமா? தைரியமாக இரு. தோற்றவர்கள் உன் சொல்லுக்குக் கட்டுப்பட்டவர்கள். தோட்ட வேலைக்காவது ஆவார்கள்.

கம்பளிக் காலுறை அனுப்பிவை. ஆற்றங்கரையில் குளிர்.

உன் மோர்வான்

கல்பாலம்,
செப்டம்பர் கடைசி

அன்பே,

சத்தியம் நிறைவேறியது! பாடகன் ஒருவனோடு புறப்படுகிறேன். வாசலில் பூத்தூவ ஆள் நிறுத்து. நீ பதிலே போடவில்லை, காலுறையும் வரவில்லை. கோபமா?

மோர்வான்

கெர்வென் கோட்டை,
அக்டோபர் இரண்டாம் நாள்

மோர்வானுக்கு,

இது வழியிலேயே உங்கள் கைக்கு வரும்.

அருளப்பர் திருநாளன்று யூதோன் நாற்பது பேரோடு வந்தான். நீங்கள் வென்ற மூவரும் தூக்குப்பாலத்தில் நின்றார்கள். கோரன்டினிடம், "சத்தியத்துலேருந்து உங்கள விடுவிச்சாச்சு. மகளப் பாக்கக் கெளம்புங்க" என்றேன். "உள்ள கொழந்தைங்க இருக்கு. என்னம்மா பேச்சு இது?" என்று கவசத்தின் வாரை இறுக்கச் சொன்னார். நான்தான் இறுக்கிவிட்டேன். பொழுது சாய்வதற்குள் யூதோன் ஓடிவிட்டான். கோரன்டின் எழுந்திருக்கவில்லை.

கோயிலில் நீங்கள் உங்களுக்கென்று கட்டிவைத்த கல்லறையில் அவரை வைத்தோம். உங்கள் பெயரைச் செதுக்கி எடுத்தாயிற்று.

பூத்தூவ இங்கே ஆளில்லை. தூக்குப்பாலத்தில் பெரிக் நிற்கிறார். கடக்க வருகிறவர் அவரோடு மோத வேண்டும். உங்கள் வழக்கம்தான். "நான் ஜெயிச்சா தோத்தவர உங்க காலடிக்குத்தானேம்மா அனுப்பணும்?" என்று கேட்டார்.

"வேண்டாம். கோரன்டின் மககிட்ட அனுப்புங்க. அப்பாவ வழியில மறிச்சது யாருன்னு அந்தப் பொண்ணு கேட்டனுப்பியிருக்கா" என்றேன்.

காலுறையும் இத்துடன் வருகிறது. அவள் ஊர் மலைமேல் இருக்கிறது, குளிரும்.

ஏனோரா