சுருளியம்மாளின் பெஞ்சு

6 நவம்பர் 1956, செவ்வாய்

மண்டியில் இன்று ஆறு மூட்டை ஏலக்காய் விற்றுத் தள்ளிவிட்டேன். வாயைத் திறக்காமல்தான். கைமேல் துண்டைப் போட்டு மூடி, உள்ளே விரலைப் பிடித்தே விலை பேசுகிற தரகுத் தொழில். பக்கத்தில் நிற்பவனுக்குக்கூட விலை தெரியாது. பகலெல்லாம் சேர்ந்துபோகிற பேச்சைச் சாயங்காலம் டீக்கடையில் கொட்டிவிடுகிறேன். பேச்சு எப்போதும் ஒன்றுதான்: ஐந்தாம் வகுப்புப் படிக்கிற என் மகள் சுருளியம்மாள்.

இன்று சோலையண்ணன் பாதி டீயோடு எழுந்துவிட்டார். "வீரையா, உம் மக மனக்கணக்குல நூத்துக்கு நூறு. எனக்கே மனப்பாடமாயிருச்சுப்பா, விடு" என்றார். பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

9 நவம்பர், வெள்ளி

பள்ளிக்கூட வழியாகப் போனேன். அது என் வழி இல்லை, சுற்றிக்கொண்டுதான் போனேன். ஜன்னலில் எட்டிப் பார்த்தால் நடு பெஞ்சில் சுருளி. டீச்சர் கணக்குக் கேட்டுக்கொண்டிருக்கிறார். இரண்டு பக்கமும் பிள்ளைகள் அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்! எனக்குக் கண் கலங்கிவிட்டது. சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேசாத பிள்ளை. அவள் பக்கத்தில் உட்காரத் தினமும் சண்டையாம். என் கையை யார் அப்படிப் பிடிக்கிறார்கள்? விலை குறைக்கத்தான் பிடிக்கிறார்கள்.

14 நவம்பர், புதன்

செல்லத்தாய் டீச்சரைப் பார்த்துவிட்டு வந்தேன். மகளைப் பற்றி யாராவது நாலு வார்த்தை சொல்லக் கேட்கவேண்டும் போலிருந்தது.

"ஒண்ணுதான் புரியல. சுருளி பெஞ்சுல ஆறு பிள்ளைகளும் மனக்கணக்குல தப்பே விடுறதில்ல. மத்த பெஞ்சுல பாதிகூடத் தேறல" என்றார்.

"ரத்தம் டீச்சரம்மா! ஆறு வயசுலயே என் விரல் பாஷை பூராவும் படிச்சுட்டா" என்றேன். டீச்சரம்மா கையைப் பிடிக்க முடியுமா? துண்டுக்குள் என் இடது கையை நானே வலது கையால் பிடித்து, நாற்பத்திரண்டு, எண்பத்து நாலு என்று செய்து காட்டினேன். டீச்சர் என் துண்டையே உற்றுப் பார்த்தார். அசந்துபோய்விட்டார்.

15 நவம்பர், வியாழன்

அசரவில்லை.

இன்று அந்த பெஞ்சையே பிரித்துவிட்டார். மூலைக்கு ஒரு பிள்ளை. மறுபடி கேட்டதில் ஐந்து பேருக்குத் தடுமாற்றம். மொக்கம்மாள் என்கிற பிள்ளைக்கு ஒரு விடைகூட வரவில்லை. பாவாடை மடிப்புக்கடியில் விரல் பிடித்து, கைக்குக் கை, பெஞ்சு முழுக்க விடை போயிருக்கிறது. அன்றைக்கு ஜன்னலில் நின்று நான் கண் கலங்கியது அதைப் பார்த்துத்தான். நானெல்லாம் ஒரு தரகன்!

எல்லாம் என் மனைவி ஆயம்மாள் விசாரித்துச் சொன்னது. கணக்கில் தேறாவிட்டால் பள்ளிக்கூடத்தை நிறுத்தி, மலைக்கு ஏலக்காய் எடுக்கக் கூட்டிப்போவதாக மொக்கம்மாளின் அப்பன் சொல்லியிருக்கிறான். அவளுக்காகத்தான் சுருளி ஆரம்பித்திருக்கிறாள். அப்புறம் மற்ற கைகளும் நீண்டுவிட்டன.

17 நவம்பர், சனி

சுருளி என்னோடு பேசுவதில்லை. எப்போதுமே பேசாத பிள்ளை என்பதால் இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. அதையும் ஆயம்மாள்தான் சொன்னாள்.

18 நவம்பர், ஞாயிறு

மொக்கம்மாளின் அப்பன் பேச்சிமுத்து, போடிமெட்டுக்கு மேலே எஸ்டேட்டில் வேலை. வாரக் கடைசியில் கீழே வருவான். போய்ப் பார்த்தேன்.

"கணக்கு வராத பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் எதுக்குண்ணே? ஊருக்கெல்லாம் கேவலமாப் போச்சு. மலைல காய் எடுத்தா அவ சோத்துக்காச்சும் ஆகும்" என்றான்.

வாயால் பேரம் பேசி எனக்குப் பழக்கமில்லை. கெஞ்சினேன். தப்பு என் மேல என்றேன். கடைசியில், "அரைப் பரீட்சை வரைக்கும் பாக்குறேன். தேறலைன்னா ஜீப்புல ஏத்திருவேன்" என்றான்.

ஒரு பிள்ளையின் படிப்பு என் வாயால் போகப் போகிறது. இந்த வாயை என்னத்தைச் சொல்ல!

26 நவம்பர், திங்கள்

மொக்கம்மாள் தினமும் சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வருகிறாள். நானே சொல்லிக்கொடுக்கலாம் என்று முறத்தில் ஏலக்காயைப் பரப்பி உட்கார்ந்தேன். ஏழு கூறு போடுவதற்குள் நான் தொழிலுக்கு வந்த கதை ஆரம்பமாகிவிட்டது. மொக்கம்மாள் கொட்டாவி விட்டாள். சுருளி எழுந்து, கொடியில் கிடந்த என் துண்டை எடுத்து என் கையில் கொடுத்தாள். போகச் சொல்கிறாள். போனேன்.

2 டிசம்பர், ஞாயிறு

சுருளி முன்னால் துண்டை விரித்துக் கையை நீட்டினேன். இன்னும் எத்தனை நாள் பேசமாட்டாள் என்று அவளே விரலில் சொல்லட்டும். அவள் கையை வைக்கவே இல்லை. எங்கள் தொழிலில் அதற்கு ஒரே அர்த்தம்: பேரத்துக்கே இடமில்லை.

10 டிசம்பர், திங்கள்

உள்ளே மொக்கம்மாள் தானாகவே "ஏழெட்டு அம்பத்தாறு" என்றாள். வாசலில் உட்கார்ந்திருந்த நான் "சபாஷ்" சொல்லவில்லை. கஷ்டமாகத்தான் இருந்தது.

21 டிசம்பர், வெள்ளி

பரீட்சை மார்க்கு வந்துவிட்டது. பள்ளிக்கூடம் விட்டு வந்த சுருளி நேரே என்னிடம் வந்து, என் தோளிலிருந்த துண்டை உருவி, என் கைமேல் போட்டுத் தன் கையை உள்ளே விட்டாள். மூன்று விரல். கொஞ்சம் நிறுத்தி ஐந்து, அப்புறம் நாலு. முப்பத்தொன்பது.

"உனக்கா ஆத்தா?" என்று பதறிவிட்டேன். புத்தி எங்கே போகும்? அவள் இல்லை என்று தலையை ஆட்டி, வாசலைக் காட்டினாள். மொக்கம்மாள் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். முப்பத்தைந்து எடுத்தால் தேர்ச்சி.

சுருளி கையை எடுக்கவில்லை. "நாளைக்கு அவங்கப்பா மலையிலேருந்து வருவாக. அவளே சொல்லணுமாம். நீங்க முந்திச் சொல்லிராதீங்கப்பா."

முப்பத்தாறு நாளைக்குப் பிறகு பேசுகிறாள். அவள் மார்க்கு என்ன என்று நான் கேட்கவே இல்லை. இப்போது எழுதும்போதுதான் ஞாபகம் வருகிறது.

டீக்கடைக்குப் போனேன். டீயைக் குடித்தேன், எழுந்தேன். சோலையண்ணன் நெற்றியில் கை வைத்துப் பார்த்து, "என்னப்பா, காய்ச்சலா?" என்றார்.

ஆமா என்று சொல்லிவிட்டு வந்தேன்.