ஷோகேஸில் நின்ற வைன்

என் அருமைச் சின்னண்ணைக்கு,

நீங்கள் அனுப்பிய போத்தலைத் திறந்துவிட்டோம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். கோபித்துக்கொள்வதென்றால் இப்போதே கோபித்துக்கொள்ளுங்கள், பிறகு மிச்சத்தைக் கேளுங்கள்.

பிரான்சுக்குப் போய், அந்தப் பழைய குடும்பத்தின் திராட்சைத் தோட்டத்தில் நீங்கள் பறித்த முதல் அறுவடையின் சிவப்பு வைன் அது. "இதிலை என்ரை கையும் பட்டிருக்கு, றீற்றா" என்று போனில் சொன்னீர்கள். நமக்குத் தெரிந்த வைன் எது? பூசை வைனும், நத்தார்ப் பண்டிகைக்கு அம்மா ஊறப்போடுகிற பிளம்ஸ் வைனும்தான். பிரான்சிலிருந்து வந்ததை ஒளித்து வைக்கலாமா? முன்னறை ஷோகேஸில், பீங்கான் பொம்மைகளுக்கு நடுவில் நிமிர்த்தி வைத்து, மேலே ஒரு பல்பும் போட்டோம். ஒக்லாந்தில், இந்தப் பக்குரங்காப் பக்கம் அதைப் பார்க்காத தமிழர் இல்லை.

பிறகு நீங்கள் போய்விட்டீர்கள். எனக்கு விசா வருமுன்பே அந்த ஊர்க் கோயிலுக்குப் பின்னால் உங்களை அடக்கம் செய்துவிட்டார்கள். ஒரு பிடி மண் போட எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. அதற்குப் பிறகு அந்தப் போத்தலைத் தூசி தட்டக்கூட நான் ஒருவரையும் விடவில்லை. உங்கள் கை பட்டதென்று என்னிடம் இருந்தது அது ஒன்றுதானே?

போன சனிக்கிழமை கிளேர் வந்தாள், உங்கள் முதலாளியின் மகள். அங்கே தளிர் விடுகிற காலம் இங்கே அறுவடைக் காலம் என்பதால், ஒக்லாந்துக்கு மேற்கே ஒரு தோட்டத்தில் வைன் செய்ய வந்திருக்கிறாளாம். உள்ளே நுழைந்தவள் ஷோகேஸைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

"இவ்வளவு காலமும் இது நின்றுகொண்டா இருந்தது?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"ஓம், ஒருத்தரையும் தொட விடேல்லை" என்று இவர் பெருமையாகத் தமிழில் சொல்லி, பிறகு ஆங்கிலத்திலும் சொன்னார்.

அவள் சிரிக்கவில்லை. வைனைப் படுக்க வைக்க வேண்டுமாம். நின்றால் கார்க் காய்ந்து, காற்று புகுந்து, வைன் செத்துப்போகுமாம். போதாக்குறைக்கு நாங்கள் பல்பு வேறு போட்டிருக்கிறோம். சாமிக்கு விளக்கு வைப்பதுபோல வைத்து, உங்கள் உழைப்பை ஆறு வருடமாக வாட்டியிருக்கிறேன், அண்ணை.

"இன்றைக்கே திறப்போம். இன்னும் வைத்தால் ஒன்றும் மிஞ்சாது" என்றாள்.

"திறந்தால் எனக்கு அண்ணை இல்லை" என்றேன். அழுதுவிட்டேன்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு தன் வீட்டுக் கதையைச் சொன்னாள். ஆறு தலைமுறையாக அதே வீடு, அதே மண். பிள்ளை பிறந்தால் அந்த வருடத்து வைனை நிலவறையில் படுக்க வைப்பார்களாம். வைத்தவர் பெரும்பாலும் அதைக் குடிக்க இருப்பதில்லை. அவளுடைய கல்யாணத்துக்குக் குடித்தது, அவளுடைய அப்பா பிறந்த வருடம், அவள் கண்ணால் காணாத பாட்டன் செய்து வைத்த வைன். "அன்றைக்குத்தான் நான் அவரைச் சந்தித்தேன்" என்றாள்.

அண்ணை, நீங்களே சொல்லுங்கள். நாங்கள் அடுத்த விசாவுக்கு அப்பால் யோசித்த சனமா? பெட்டியைக் கட்டு, பெட்டியை அவிழ் என்றே பாதி வயது போனது. இப்படியும் ஒரு குடும்பம் இருக்குமா, தாங்கள் காணப்போகாத ஒரு நாளுக்காக இருநூறு வருடமாகப் பழம் பறித்துக்கொண்டு?

திறந்தோம். கார்க் பாதியில் உடைந்து உள்ளே விழுந்தது. தேத்தண்ணி வடியில் வடித்தோம். நிறம் செங்கல் நிறம். முதலில் ஒரு மணமும் இல்லை, கிளேரின் முகம் வாடியது. கொஞ்சம் பொறுத்து அது எழும்பி வந்தது. ஈரச் சாக்கு, பழைய கோயில் வாங்குப் பலகை, கருகிய சீனி, எங்கோ அடியில் பழம். நான் பக்கத்தில் இல்லாத ஒரு கோடை, அதன் வெயில், அதில் குனிந்து நின்ற நீங்கள், எல்லாம் என் வாய்க்குள் இருந்தது. நான் எழுந்து நின்றுவிட்டேன். கோயிலில் எழும்புவதுபோல் தானாகவே எழும்பினேன்.

கிளாஸ் முடிவதற்குள் அது புளித்துவிட்டது. அவ்வளவுதான் அதற்கு உயிர் இருந்தது.

எங்கள் பிள்ளை டிலானிக்கு இப்போது ஏழு வயது. நாங்கள் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில்தான் பதில். மூக்கை மட்டும் கிளாஸுக்குள் விட்டுப் பார்த்தாள். "மாமாவா இது?" என்று அன்றைக்குத் தமிழில் கேட்டாள்.

புறப்படும்போதுதான் கிளேர் அதைச் சொன்னாள். டிலானி பிறந்த செய்தி வந்த அன்று நீங்கள் அவளுடைய அப்பாவிடம் போய்க் கேட்டீர்களாம். அந்த வருடத்துப் போத்தல்கள் சில, அவர்கள் வீட்டுப் பிள்ளைகளின் போத்தல்களுக்குப் பக்கத்தில், இருட்டில் படுத்திருக்கின்றனவாம். மேலே சோக்கட்டியால் "ஒக்லாந்து" என்று எழுதியிருக்கிறதாம். ஏன் அண்ணை என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை? சொன்னால் அதையும் அனுப்பச் சொல்லி ஷோகேஸில் வைப்பேன் என்று பயந்தீர்களா?

இப்போது எங்களிடம் இந்த நாட்டுப் பாஸ்போர்ட் இருக்கிறது. அவள் வளர்ந்ததும் கூட்டிக்கொண்டு வருவேன், இது சத்தியம். உங்கள் கல்லறையில் வைத்துத் திறப்போம். அவள் உங்களைச் சந்திக்கட்டும்.

அதுவரை அந்த மண்ணில் நிம்மதியாகப் படுத்திருங்கள், அண்ணை. நல்லதெல்லாம் அங்கே படுத்துத்தான் காத்திருக்கிறதாம்.

உங்கள் கையைக் கடைசியில் ருசி பார்த்துவிட்ட தங்கச்சி,
றீற்றா