மழைக்காலத்து இரண்டு சட்டி மண்

நவம்பர் 4, திங்கள்

விடிந்ததிலிருந்து தூறல். பஸ் ஸ்டாண்டு எதிரே கணுக்கால் மூழ்கும் தண்ணீர். இன்றைக்குப் பார்த்து வெள்ளைச் சுடிதார் போட்டேன் பார், என்னைச் சொல்ல வேண்டும்.

மூன்றாமாண்டுப் பிள்ளைகளுக்கு இன்று முதல் தொழிற்பயிற்சி. பத்து நாள். இருபத்திரண்டு பேர், நான்கு பீங்கான் கம்பெனி. வகுப்பில் படித்ததை வெளியுலக அனுபவத்தோடு இணைக்க வேண்டுமாம், பிரின்ஸிபால் சுற்றறிக்கை. வகுப்பில் இவர்கள் என்ன படித்தார்கள் என்று தெரிந்திருந்தால் மனுஷன் இணைக்கச் சொல்லியிருக்க மாட்டார்.

18ஆம் தேதி ஆய்வுக் குழு வருகிறது. பயிற்சியைப் பற்றி ஒரு பிள்ளை அவர்கள் முன்னால் பேச வேண்டும். டிசம்பரில் வாசுதேவன் சார் ஓய்வு. துறைத் தலைவர் நாற்காலி காலி. குழு நல்ல வார்த்தை சொன்னால் து.த. நான்தான். பிரின்ஸிபால் வாயாலேயே சொல்லிவிட்டார்.

வேடிக்கை பார்த்துவிட்டு வந்துவிடுவார்கள் என்று நானே ஒரு வேலை கொடுத்தேன். ஒவ்வொருவரும் கம்பெனியில் நடக்கும் தவறு ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டும். பாடப்படி அது ஏன் தவறு என்று எழுத வேண்டும். பத்து மார்க்.

"தப்பே நடக்கலன்னா மேடம்?" இளவரசன்.

"அப்ப உனக்கு மார்க்கும் நடக்காது."

வகுப்பே சிரித்தது. அவன் காது சிவந்துபோனது. எனக்கு நாள் முழுவதும் உற்சாகம்.

வாங்க: குடை, ஸ்டேப்ளர் பின், அம்மாவுக்கு மூட்டுத் தைலம்.

நவம்பர் 5, செவ்வாய்

மழை. செல்வராஜ் கம்பெனிக்குப் போனேன். பியூஸ் கட்டை செய்கிறார்கள். செல்வராஜின் அப்பா நடத்திய கம்பெனி. இவருக்கு லாரித் தொழில்தான் தெரியும். மண்ணைப் பற்றிக் கேட்டால் டீசல் விலை சொல்கிறார். ஆனால் காபி நல்ல காபி.

நம் பிள்ளைகள் ஐந்து பேர் அங்கே. அதில் சுகன்யா, கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து பஸ்ஸில் வரும் பெண். வாய் திறக்காது, எல்லாவற்றையும் எழுதும், கட்டம் போட்டு எழுதும். திட்டுவதற்கு இடமே கொடுக்காத ரகம். எனக்கு அந்த ரகம் பிடிக்காது.

கலவை போடுவது தனக்கோடி என்ற அம்மாள். பதினெட்டு வருஷமாக அதே வேலை. முற்றத்தில் குவித்திருக்கும் மண்ணையும், வெள்ளைக் கல் பொடிகளையும் நிறுத்து அரைக்கிற உருளையில் கொட்ட வேண்டும். அளவு சுவரில் எழுதியிருக்கிறது.

"தூசி பறக்குதுங்க பாப்பா, தள்ளி நில்லுங்க," என்று சுகன்யாவிடம் சொன்னாள். அந்தப் பெண்ணுக்கு இத்தனை 'ங்க'. என்னைப் பார்த்து எழுந்து நிற்கவும் இல்லை.

நவம்பர் 6, புதன்

முதல் 'தவறுகள்' வந்து சேர்ந்தன.

இளவரசன்: மின்விசிறி ஓடவில்லை.
கார்த்திகா: டீ நேரத்தில் தொழிலாளர்கள் சிரித்துப் பேசுகிறார்கள்.
இன்னொருவன்: முதலாளி செருப்போடு உள்ளே வருகிறார்.

மூன்று வருஷம் இதுகளுக்குப் பாடம் நடத்தியிருக்கிறேன். அந்த நேரத்துக்குத் தையல் கற்றிருக்கலாம்.

பிறகு சுகன்யாவின் தாள். சுவரில் மண் நூறு கிலோ என்று இருக்கிறது, கலவை போடும் பெண்மணி நூறு கிலோ நிறுத்த பிறகு, நிறுக்காமலே இரண்டு சட்டி மண் கூடுதலாகக் கொட்டுகிறார், விகிதம் கெடுகிறது. கீழே கணக்கு, அட்டவணை, அடிக்கோடு. படித்ததும் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். 18ஆம் தேதிக்கு இது போதும்.

உடனே ஆட்டோ பிடித்து செல்வராஜிடம் காட்டினேன். தனக்கோடியைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, செவுத்துல அளவு எழுதியிருக்குதே, உனுக்கு அது பத்தாதா?"

"யாருங்க சொன்னது?"

"காலேஜு பொண்ணு எழுதிக் குடுத்திருக்குது. பாரு."

சுகன்யா நோட்டைக் கட்டிக்கொண்டு நின்றது. அம்மாள் அந்தப் பெண்ணைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

"செரிங்க. இனிமே போடலீங்க."

அவ்வளவுதான். பதினெட்டு வருஷ அனுபவம் போய் உருளைப் பக்கம் நின்றுகொண்டது. உள்ளுக்குள் இனித்தது, பொய் சொல்வானேன்.

"படிச்சவங்க நாலு பேரு வந்தாத்தான் மேடம் நம்ம கண்ணு தொறக்குது," என்றார் செல்வராஜ். அவரோடு, தாளோடு, போட்டோ. பிரின்ஸிபாலுக்கு அனுப்பினேன். கட்டைவிரல் படம் பதிலாக வந்தது.

நவம்பர் 9, சனி

மழை விடவில்லை. துணி காயவில்லை. அம்மாவுக்குத் தைலம் பிடிக்கவில்லை, வாடை அடிக்கிறதாம்.

கம்பெனிக்குப் போனால் பிரஸ்ஸில் இருக்கும் அஞ்சலை வழியை மறித்தாள். அச்சில் கட்டை அழுத்துகிறவள். நல்ல வாய்.

"மேடம், புதுக் கலவை பிடிக்கவே மாட்டேங்குது. ஓரமெல்லாம் உதுருது."

"எண்ணெய் கொஞ்சம் சேர்த்துக்கங்க."

"எண்ண இல்லீங்க கொறச்சலு..." என்று இழுத்தாள். தனக்கோடி அங்கிருந்தே, "அஞ்சல, வேலயப் பாரு," என்றாள். நானும் வந்துவிட்டேன். பிரஸ்காரியிடம் பாடம் கேட்கவா பிஹெச்.டி. வாங்கினேன்?

நவம்பர் 13, புதன்

இன்று சூளை திறந்தார்கள்.

அந்தக் கலவையில் செய்த கட்டை முழுவதும் போச்சு. ஒன்றோடொன்று ஒட்டி, இடுப்பு வளைந்து, சாய்ந்து கிடந்தன. ஒன்றில்கூட மூடி பொருந்தவில்லை. செல்வராஜ் ஒன்றைத் தூக்கிச் சுவரில் அடித்தார்.

"கையளவுல போட்டே பழகுனவ. நிறுத்துப் போடுன்னா நிறுக்கவும் தெரியல. ஏம்மா, உண்மையச் சொல்லு, நிறுவையில கோட்டை உட்டியா இல்லியா?"

எல்லாரும் தனக்கோடியைப் பார்த்தார்கள்.

"ஆமாங்க. நாந்தான் நிறுக்கறப்ப தப்பு பண்ணிட்டேன்."

"நாளையிலேர்ந்து வராத."

அவள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு போய்விட்டாள். சுகன்யா பேனா மூடியைத் திறந்தபடி அப்படியே நின்றது. எழுதவில்லை.

குழாயடியில் அஞ்சலை என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"மழ நாள்ல மண்ணு தண்ணி குடிச்சிருக்குமுங்க. நூறு கிலோ நிறுத்தா அம்புட்டும் மண்ணா? தண்ணியும் சேந்துதான நிக்குது? அதுக்குத்தான் அக்கா ரெண்டு சட்டி சேத்துப் போடும். வெயில் நாள்ல போடாது. நிறுவையில ஒரு தப்பும் இல்லீங்க. சொல்லு சொல்லுன்னேன். 'பொண்ணு எழுதுனத நானே பொய்யின்னு சொன்னா அதுக்கு மார்க்கு போயிடும்டி'ங்குது."

"எந்தப் பொண்ணு?"

"நோட்டு வச்சிருக்குதே, அதான். அக்கா பெத்த பொண்ணுங்க."

வீட்டுக்கு வந்து புத்தகத்தை எடுத்தேன். ஏழாம் பாடம், மூலப்பொருளில் ஈரத் திருத்தம். நான்கு பக்கம். அஞ்சலை சொன்னதேதான், கொஞ்சம் கஷ்டமான தமிழில். மண் குறைந்தால் கல் பொடி மிஞ்சிப்போய்ச் சூட்டில் இளகி வளைந்துவிடுமாம். நான் அதை நடத்தவில்லை. விளையாட்டு விழாவில் மூன்று வகுப்பு போனது. பரீட்சையில் கேட்கமாட்டார்கள் என்று விட்டேன். போன வருஷமும் விட்டேன்.

பயமாக இருக்கிறது. தனக்கோடிக்காக இல்லை. எனக்காக.

நவம்பர் 14, வியாழன்

பயிற்சி கடைசி நாள். வெயில் எட்டிப் பார்த்தது.

சுகன்யா ஸ்டாஃப் ரூம் வாசலில். கண் வீங்கியிருந்தது. உள்ளே கூப்பிட்டேன்.

"எங்கம்மா அங்க வேலை செய்யறது பசங்களுக்குத் தெரிய வேணாம்னு நான்தான் மேடம் சொன்னேன். என்னைத் தெரியாத மாதிரி இருன்னேன். அதுக்குத்தான் வாங்க போங்கன்னு பேசுச்சு. நேத்து அழுது கேட்டப்பறந்தான் மழ மண்ணப் பத்திச் சொல்லுச்சு. நான் முதலாளிகிட்ட போயி உண்மையச் சொல்லிடறேன் மேடம்."

அவர் ஈரத்தைப் பற்றிக் கேள்விப்பட்டால் அடுத்த கேள்வி, இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லையா என்பதுதான். 18க்கு நாலே நாள்.

"நீ சொன்னா அம்மாவுக்காகப் பேசுறன்னு தள்ளிடுவார். நான் சொன்னாத்தான் எடுபடும். குழு வந்துட்டுப் போகட்டும். நானே சொல்றேன், அம்மாவை வேலைக்குக் கூப்பிட வைக்கிறேன். அதுவரைக்கும் நீ வாயைத் திறக்கக் கூடாது. 18ஆம் தேதி நீதான் பேசற. கண்டுபிடிச்சதை மட்டும் சொல்லு. சூளையில நடந்தது வேணாம்."

"கண்டிப்பா சொல்வீங்களா மேடம்?"

"நான் உனக்கு டீச்சரா இல்லையா?"



நவம்பர் 16, சனி

ஒத்திகை. சுகன்யா அட்சரம் பிசகாமல் சொல்லியது. குரல்தான் உயிரில்லாமல். "சிரிச்ச முகமா பேசு, எழவு வீட்டுல மாதிரி நிக்காத," என்றேன்.

போகும்போது, "அம்மா முந்திரிக்கொட்டை ஒடைக்கப் போகுது மேடம். எண்ண பட்டு கையெல்லாம் பொத்துப்போச்சு," என்றது. திங்கட்கிழமைக்கு இஸ்திரி போட்ட உடை போட்டு வா என்று சொல்லி அனுப்பினேன்.

ஹால்: மைக், பூங்கொத்து 3, முந்திரி கேக். முந்திரி கேக் வேண்டாம், பிஸ்கட்.

நவம்பர் 18, திங்கள்

குழு. மூன்று பேர். இருவர் பிஸ்கட் பார்க்க வந்தவர்கள். மூன்றாமவர் வழுக்கை, பழைய பேராசிரியர், அவர்தான் வினை.

சுகன்யா பேசியது. முறையான பயிற்சி இல்லாத தொழிலாளி, நிறுக்காமல் சேர்த்த மண், வகுப்பறை அறிவால் கண்டுபிடித்த பிழை. நான் எழுதிக் கொடுத்ததுதான். தன் அம்மாவைத்தான் சொல்கிறது என்று அந்த ஹாலில் எனக்கு மட்டும் தெரியும். பிரின்ஸிபால் கைதட்டினார்.

வழுக்கையர் கையைத் தூக்கினார்.

"மழைக்காலமாச்சேம்மா. மண்ணோட ஈரம் பாத்தீங்களா?"

சுகன்யா என்னைப் பார்த்தது.

"பாக்கலீங்க சார்."

"ஏன்? பாடத்துலயே இருக்கே. நடத்தலையா?"

"மேடம் நடத்துனாங்க சார். நான்தான் கவனிக்காம விட்டுட்டேன்."

"பிள்ளைகளைக் கொஞ்சம் கவனிக்க வையுங்க மேடம்," என்று சிரித்தபடி ஏதோ குறித்துக்கொண்டார். நானும் சிரித்தேன்.

அந்த நிமிஷம் ஓடிப்போய் அந்தப் பெண்ணைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. சாப்பிடும்போது அந்த எண்ணம் போய்க் கோபம் வந்துவிட்டது. ஒரு பொடிசு என்னைக் காப்பாற்றியிருக்கிறது. அதை நினைத்து நினைத்து என்னைப் பார்க்கப்போகிறது. தாங்காது.

சாயங்காலம் மார்க் போட்டேன். சுகன்யாவுக்குப் பத்துக்கு நாலு. கவனிக்கவில்லை என்று அதுவே குழு முன்னால் ஒத்துக்கொண்ட பிறகு வேறென்ன போட? இளவரசனின் மின்விசிறிக்கு ஆறு.

நவம்பர் 20, புதன்

நல்ல வெயில். து.த. ஆர்டர் வந்துவிட்டது. ஜனவரி முதல். ஸ்டாஃப் ரூமில் எல்லாருக்கும் பால்கோவா. வாசுதேவன் சார் இரண்டு எடுத்துக்கொண்டார்.

பதினோரு மணிக்கு செல்வராஜுக்குப் போன் போட்டேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போட்டேன், சத்தியமாக.

"சொல்லுங்க மேடம். கலவைக்குப் புது ஆளு போட்டாச்சு, சேத்தியாத்தோப்புக்காரன். எதுக்கும் அந்தம்மா மாதிரி கைக்கணக்கு கெடயாது. பழைய ஆளுங்க மேல இருந்த நம்பிக்கையே போச்சுங்க."

மழை, மண், ஈரம். மூன்று வார்த்தை சொன்னால் போதும். அரை நிமிஷம் ஆகாது. உதடுவரை வந்தது.

"அடுத்த வருஷம் இன்னும் அஞ்சு பேர் கூடுதலா அனுப்பலாமா சார்?"

"தாராளமா அனுப்புங்க. ஒங்க காலேஜுக்கு இல்லாததா?"

போனை வைத்துவிட்டு நிமிர்ந்தால் வாசலில் சுகன்யா. எவ்வளவு நேரமாக நிற்கிறது என்று தெரியவில்லை. கேட்டிருக்க முடியாது, வராந்தாவில் பையன்கள் இரைச்சல்.

"சொல்லிட்டீங்களா மேடம்?"

"சொன்னேன்மா. எவ்வளவோ எடுத்துச் சொன்னேன். அந்த மனுஷன்தான் ஒத்துக்கல."

"நானும் அம்மாவும் ஒரு தடவ போயிப் பாக்கட்டுங்களா?"

"போகாத. இருக்கிற கோவத்துல எல்லார் முன்னாடியும் ஏதாவது சொல்லிடுவார். அம்மாவுக்குத்தான் அசிங்கம்."

தரையைப் பார்த்தது.

"சரிங்க மேடம். எங்களுக்காக நீங்க பேசுனதே பெருசு. அம்மாகிட்ட சொல்றேன்," என்று இரண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டது.

டப்பாவில் கடைசி பால்கோவா ஒன்று இருந்தது. எடுத்துக்கொள் என்றேன். எடுத்துக்கொண்டது.